விண்ணலைகளின் தளவிளைவும் ஆய்வு நேர்மையும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் வானியலுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். இலக்கியம் பேச வேண்டிய ஏட்டில் இயற்பியல் பேசுவது பொருந்துமா என்பது அவர்தம் ஐயமாக இருக்கலாம். துறைகளுக்கு இடையே வேலி கட்டிக்கொண்டது நம் வகுப்பறைகளின் வசதிக்காகவேயன்றி அறிவுக்கு அவ்வேலி இயல்பானதன்று. மேலும், இங்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது விண்மீன்களின் கதை மட்டுமன்று. அளத்தல் என்னும் செயலில் அடங்கியுள்ள அறமும் ஆகும். அவ்வறத்தை மாணவர்க்கு எடுத்துரைக்க, விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளின் தளவிளைவை அறிஞர்கள் அளக்கும் முறையைப் போன்ற தெளிவான சான்று வேறொன்று கிடைப்பது அரிது என்பது நம் கருத்து.

நான்காம் செய்தி

விண்பொருள் ஒன்றிலிருந்து நம்மை வந்தடையும் அலை மூன்று செய்திகளைச் சுமந்து வருகிறது என்பது யாவரும் அறிந்தது. எத்திசையிலிருந்து வருகிறது என்பது ஒன்று. எவ்வளவு வலிமை உடையது என்பது மற்றொன்று. என்ன அலைநீளம் உடையது என்பது மூன்றாவது. இம்மூன்றையும் கொண்டே வானியல் நெடுங்காலம் வளர்ந்து வந்தது. நான்காவதாக ஒரு செய்தியும் உண்டு. அலை தான் செல்லும் திசைக்குக் குறுக்காக அதிர்கிறது. அவ்வதிர்வு மேல்கீழாக நிகழலாம், இடவலமாக நிகழலாம், இடைப்பட்ட எந்தச் சாய்விலும் நிகழலாம். எல்லாச் சாய்வுகளும் ஒழுங்கின்றிக் கலந்து வந்தால் அது சாதாரண அலை. ஒரு சாய்வு மேலோங்கி நின்றால் அது தளவிளைவுற்ற அலை.

மனிதக் கண் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வதில்லை. ஆயினும் நம் ஊர்களின் கூரைகள் இதனை அறிந்திருந்தன. தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளைப் பெறுவதற்காக வீட்டுக் கூரைகளில் நிறுத்தப்பட்ட அலைவாங்கிகளின் அலுமினியக் குழல்கள் கிடையாகவே இருந்தன. ஒளிபரப்பு அலை கிடைத்தளத்தில் அதிர்ந்ததே அதற்குக் காரணம். அக்குழல்களை நெட்டுக்குத்தாகத் திருப்பியிருந்தால் படம் மங்கியிருக்கும். தொலைநோக்கி வழியே விண்ணலையின் தளவிளைவை அறிவதும் அடிப்படையில் இதே செயல்தான்.

சொல்லும் அதன் வரலாறும்

1669ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த பார்த்தோலின் என்பவர் ஐஸ்லாந்துப் படிகம் ஒன்றின் வழியே நோக்கியபோது ஒரு பொருள் இரண்டாகத் தெரிவதைக் கண்டு எழுதினார். 1808இல் பிரெஞ்சு அறிஞர் மாலுஸ் அத்தகைய படிகம் ஒன்றைக் கையில் கொண்டு, பாரிஸ் நகரின் லக்சம்பர்க் மாளிகைச் சாளரங்களில் பட்டுத் திரும்பிய மாலைக் கதிரொளியை நோக்கினார். படிகத்தைச் சுழற்றியபோது இரு பிம்பங்களின் ஒளிர்வும் மாறி மாறிக் கூடிக் குறைவதைக் கண்டார். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி தளவிளைவுறும் என்னும் உண்மை அவ்வாறு வெளிப்பட்டது.

மாலுஸ் தாம் கண்டதற்கு இட்ட பெயர், துருவம் என்னும் சொல்லின் அடியாகப் பிறந்தது. ஒளி துகள்களால் ஆனது என்றும், காந்தத்திற்குப் போல அத்துகள்களுக்குத் துருவங்கள் உண்டு என்றும் அவர் எண்ணினார். அக்கொள்கை பின்னர் கைவிடப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தமிழில் துருவமாக்கல், முனைவாக்கம் என்று எழுதுவோர் அப்பழைய கருத்தின் நிழலையும் உடன் கொண்டு வருகின்றனர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் தளவிளைவு என்னும் சொல்லோ அதிர்வு ஒரு தளத்தில் அடங்குவதைக் காட்டுகிறது. அதிர்வின் திசை வட்டமாகச் சுழலும் வகையில் இச்சொல் சற்று இடர்ப்படும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பொருளை நோக்கி ஆக்கிய சொல், சொல்லை நோக்கி ஆக்கிய சொல்லினும் மாணவனுக்கு மிகுதியாக உதவும். கலைச்சொல்லாக்கத்தில் தமிழ்த்துறைக்கு உள்ள பங்கை இஃதொன்றே காட்டும்.

1852இல் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் எந்த அலையின் தளவிளைவையும் நான்கு எண்களால் குறிக்கலாம் என்று நிறுவினார். மொத்த வலிமை ஒன்று. நெடுக்குக்கும் கிடைக்கும் உள்ள வேறுபாடு ஒன்று. இரு மூலைச் சாய்வுகளுக்கு இடையே உள்ள வேறுபாடு ஒன்று. வலச்சுழற்சிக்கும் இடச்சுழற்சிக்கும் உள்ள வேறுபாடு ஒன்று. அந்நான்கு எண்களும் பெரிதும் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1940களில் அவற்றை வானியலுக்குள் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். இன்று உலகின் எந்த ரேடியோத் தொலைநோக்கியும் தளவிளைவை அந்நான்கு எண்களாலேயே எழுதுகிறது.

தளவிளைவு அறிவித்தவை

1054ஆம் ஆண்டில் ரிஷப ராசிப் பகுதியில் புதிய விண்மீன் ஒன்று பகலிலும் தெரியுமாறு ஒளிர்ந்ததைச் சீன வானியலார் குறித்து வைத்தனர். பக்தாதைச் சேர்ந்த மருத்துவர் இப்னு புத்லான் எழுதிய குறிப்பொன்றும் அதே விண்மீனைச் சுட்டுவதாகக் கருதும் ஆய்வாளர் உளர். அவ்வெடிப்பின் எச்சமே நண்டு நெபுலா. அதன் ஒளி எவ்வாறு பிறக்கிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. ஒளியின் வேகத்தை நெருங்கி விரையும் எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழல்வதால் அது பிறக்கிறது என்று 1953இல் சோவியத் அறிஞர் ஷ்க்ளோவ்ஸ்கி கூறினார். அவ்வாறாயின் அவ்வொளி தளவிளைவுற்றிருத்தல் வேண்டும். 1954இல் சோவியத் வானியலார் இருவர் அதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். 1957இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தினர் 3 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடியோ அலையிலும் அதனை அளந்தனர். கிடைத்த அளவு பத்து விழுக்காட்டிற்கும் குறைவு. எனினும் அச்சிறிய அளவே ஒரு பெருங்கொள்கையை உறுதி செய்தது.

1960இல் வெங்கட்ராமன் ராதாகிருஷ்ணனும் ராபர்ட்ஸும் அமெரிக்காவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் உள்ள இரு தொலைநோக்கிகளை இணைத்து வியாழனை நோக்கினர். ராதாகிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர், சர் சி. வி. ராமனின் மகன். வியாழனிலிருந்து வரும் ரேடியோ அலையில் ஏறத்தாழ 30 விழுக்காடு தளவிளைவுற்றது என்றும், அவ்வலை பிறக்கும் பகுதி கோளின் வட்டத்தைவிடப் பன்மடங்கு அகன்றது என்றும் அவர்கள் கண்டனர். வெறும் வெப்பத்தால் எழும் அலை அவ்வாறு இராது. புவியைச் சூழ்ந்துள்ளவை போன்ற கதிர்வீச்சு வளையங்கள் வியாழனையும் சூழ்ந்துள்ளன என்பது, விண்கலம் எதுவும் அங்கே செல்வதற்கு முன்னரே இவ்வாறு தெளிவாயிற்று. அதே ராதாகிருஷ்ணன் 1969இல் குக் என்பவருடன் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியால் வேலா துடிப்பு விண்மீனை ஆராய்ந்தார். ஒவ்வொரு துடிப்பின்போதும் தளவிளைவின் கோணம் ஒழுங்காகத் திரும்புவதைக் கண்டு, சுழலும் விண்மீனின் காந்தத் துருவத்தருகே அவ்வலை பிறக்கிறது என்று விளக்கினார்.

அண்மைக் காலத்திற்கு வருவோம். எம்87 என்னும் அண்டத்தின் நடுவே உள்ள கருந்துளையின் படம் 2019இல் வெளியானது. அதே தரவுகளிலிருந்து தளவிளைவைப் பிரித்தெடுத்த படம் 2021 மார்ச் மாதம் வெளிவந்தது. முதற்படம் கருந்துளையின் நிழலைக் காட்டியது. இரண்டாவது படம் அதன் விளிம்பில் காந்தப்புலம் எவ்வாறு சுருண்டிருக்கிறது என்பதைக் காட்டியது. அத்தரவுகள் 2017 ஏப்ரலில் எடுக்கப்பட்டவை. நான்கு ஆண்டு உழைப்பு எதற்காகத் தேவைப்பட்டது? அவ்வினாவுக்கான விடையில்தான் இக்கட்டுரையின் உயிர் இருக்கிறது.

கருவியின் குறையை முதலில் அறிதல்

தளவிளைவை முழுமையாக அளக்க, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு வாங்கிகள் ஒரே நேரத்தில் வேண்டும். உதகைக்கு அருகே முத்தோரையில் 1970இல் நிறைவுற்ற ரேடியோத் தொலைநோக்கி நம் நாட்டின் பெருமை. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய அது, நிலநடுக்கோட்டிலிருந்து அவ்விடம் விலகியுள்ள 11 பாகைக்கு ஏற்பச் சரிந்த மலைச்சரிவில் அமைந்தது. அதன் 1,056 டைபோல் வாங்கிகளும் வடக்கு தெற்காக அமைந்தவை. எனவே அது ஒரு திசை அதிர்வை மட்டுமே ஏற்கும். நிலவு மறைக்கும்போது ரேடியோ மூலங்களின் உருவளவைக் காணுதல் போன்ற தன் பணிகளை அது செவ்வனே செய்தது. தளவிளைவை முழுதும் அளப்பது அதன் பணியன்று. அதே கோவிந்த் சுவரூப் தலைமையில் புணே அருகே கோடத்தில் எழுந்த மீட்டரலைத் தொலைநோக்கியில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் உள்ளன. அவை இரு வகை அதிர்வையும் ஏற்பவை.

இரு வாங்கிகள் இருந்துவிட்டால் போதுமா? போதாது. எவ்வளவு திறமையாகச் செய்தாலும் ஒரு வாங்கிக்கு உரிய அலையில் சிறு பங்கு மற்றொன்றில் கசியும். அக்கசிவு நூற்றில் சில பங்கு இருக்கக்கூடும். நாம் தேடும் தளவிளைவும் பெரும்பாலும் அதே அளவினதுதான். தளவிளைவே இல்லாத மூலத்தை நோக்கினாலும் கருவி தளவிளைவு உண்டென்று சொல்லும். அதனை அப்படியே நம்புகிறவன் வானத்தை அளப்பதில்லை. தன் கருவியின் குறையையே அளந்து வானத்தின் மேல் ஏற்றுகிறான்.

இதற்கு அறிஞர் கண்ட வழி எளிமையும் அழகும் வாய்ந்தது. விண்மூலம் கிழக்கில் எழுந்து மேற்கில் சாயும்போது, தரையில் நிற்கும் கிண்ணத்திற்கு அதன் தளம் சிறிது சிறிதாகத் திரும்புவதாகத் தோன்றும். கருவியின் கசிவோ திரும்பாது. ஆகவே ஒரே மூலத்தைப் பல மணிநேரம் தொடர்ந்து நோக்கினால், திரும்புவது விண்ணுக்கு உரியது என்றும் நிலைத்து நிற்பது கருவிக்கு உரியது என்றும் பிரித்துவிடலாம். கோணத்தைச் சரிபார்க்க, நிலையான தளவிளைவுடைய 3சி 286 போன்ற மூலங்களை நோக்குவர். சென்டிமீட்டர் அலைநீளங்களில் அதன் கோணம் ஏறத்தாழ 33 பாகை என்று கொள்வது வழக்கம். அவ்வழக்கத்தையும் வழக்கம் என்பதற்காகவே ஏற்றுக்கொள்ளாமல், செவ்வாய்க் கோளின் விளிம்பிலிருந்து வரும் தளவிளைவைக் கொண்டு சோதித்துப் பார்த்தனர். விளிம்பின் ஒவ்வோரிடத்திலும் அதிர்வு மையத்தை நோக்கிய திசையில் அமையும் என்பது இயற்பியலால் உறுதியானது. ஆதலின் அஃது ஐயத்திற்கு இடமில்லாத உரைகல்.

இடையூறு வழியிலும் உண்டு. 1845இல் ஃபாரடே கண்டவாறு, காந்தப்புலமுள்ள ஊடகத்தின் வழியே செல்லும் அலையின் தளம் திரும்பும். விண்வெளியில் அத்திருப்பம் அலைநீளத்தின் இருமடிக்கு ஏற்ப மிகும். 1962இல் கூப்பரும் பிரைசும் பார்க்ஸ் தொலைநோக்கியால் சென்டாரஸ் மூலத்தில் இதனை அளந்தனர். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். 6 சென்டிமீட்டரில் சுமார் 10 பாகை திரும்பும் அலை, 21 சென்டிமீட்டரில் சுமார் 126 பாகை திரும்பும். உதகைத் தொலைநோக்கியின் 92 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ஆறு முழுச்சுற்றுக்கும் மேல் சுற்றிவிடும். அளப்பவனுக்குத் தெரிவது இறுதிச் சாய்வு மட்டுமே. இடையில் எத்தனைச் சுற்று என்பது தெரியாது. ஆகவே ஓர் அலைநீளத்தில் அளந்து முடிவுரைத்தல் தகாது. 2018இல் வெளியான ஆய்வில், 121102 என்னும் எண்ணுடைய ரேடியோ வெடிப்பு மூலத்தின் அலை ஏறத்தாழ முழுமையாகத் தளவிளைவுற்றது என்று தெரியவந்தது. அதற்கு முன் நோக்கியோர் அதில் தளவிளைவைக் காணவில்லை. திருப்பம் அத்துணை மிகுதியாக இருந்ததால், அவர்தம் அகன்ற அலைவரிசைகளுக்குள்ளேயே அது கலைந்து மறைந்திருந்தது.

இன்னுமோர் நுட்பம் உண்டு. தளவிளைவின் அளவைக் கணிக்க இரு எண்களை இருமடியாக்கிக் கூட்டி வர்க்கமூலம் காண்பர். இருமடியாக்கியபின் எந்த எண்ணும் எதிர்மறை ஆகாது. ஆதலின் உண்மையில் ஒன்றுமே இல்லாத இடத்திலும், இரைச்சல் மட்டுமே ஒரு நேர்ம அளவைத் தந்துவிடும். சுழியத்தைக் காண முடியாதவாறு கணக்கே நம்மை ஏமாற்றும். அதனை அறிந்து கழித்துவிடுவது ஆய்வாளன் கடமை.

ஒரு படிப்பினை

2014 மார்ச் மாதத்தில், தென்துருவத்தில் பைசெப்2 என்னும் கருவியை இயக்கிய குழுவினர் பெருஞ்செய்தி ஒன்றை அறிவித்தனர். அண்டத்தின் பிறப்பின்போது எழுந்த ஈர்ப்பலைகளின் சுவடு, பின்னணிக் கதிர்வீச்சின் தளவிளைவில் கிடைத்துவிட்டது என்பது அச்செய்தி. உலக இதழ்கள் கொண்டாடின. தங்கள் கருவியின் குறைகளை அவர்கள் கடுமையாகச் சோதித்திருந்தனர் என்பது உண்மை. ஆனால் அவர்கள் நோக்கியது 150 கிகாஹெர்ட்ஸ் என்னும் ஒரே அதிர்வெண்ணில். நம் பால்வீதியின் தூசியும் தளவிளைவுற்ற அலையை வெளியிடுகிறது. அத்தூசியைப் பல அதிர்வெண்களில் அளந்திருந்த பிளாங்க் விண்கலக் குழுவினருடன் அவர்களே கூடி ஆராய்ந்தனர். 2015இன் தொடக்கத்தில் வெளியான கூட்டறிக்கை, தூசியின் பங்கைக் கழித்தபின் ஈர்ப்பலைக்கு உறுதியான சான்று எஞ்சவில்லை என்று கூறியது.

இந்நிகழ்ச்சியை அறிவியலின் தோல்வி என்று கூறுவோருடன் நாம் உடன்படவில்லை. விரைந்து அறிவித்தது குறையே. ஆயினும் பிறருடைய தரவைத் தம்முடையதனோடு சேர்த்துவைத்துத் தம் முடிவைத் தாமே திருத்தி, தம் பெயரிட்டு வெளியிட்ட பண்பு போற்றத்தக்கது. பிழை நேராத ஆய்வு உலகில் இல்லை. பிழை வெளிப்படுவதற்கு வழிவிட்ட ஆய்வும், அவ்வழியை அடைத்த ஆய்வும் என இரண்டே உண்டு.

நம் ஆய்வகங்கள்

இனி நம் கல்லூரிகளின் பக்கம் திரும்புவோம். இளநிலை இயற்பியல், வேதியியல் மாணவர்கள் போலாரிமீட்டர் என்னும் கருவியால் சர்க்கரைக் கரைசல் ஒளியின் தளத்தை எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கின்றனர். முதலில் குழாயில் தூய நீரை நிரப்பி ஓர் அளவு எடுக்கச் சொல்கிறோம். ஏன்? கருவியின் சொந்தக் கோணத்தை அறிந்து கழிப்பதற்காக. பெருந்தொலைநோக்கிகளில் நிகழும் அதே அறம் அந்தச் சிறு குழாயிலும் இருக்கிறது. ஆனால் அதனைச் சடங்காகச் செய்துவிட்டு, நூலில் உள்ள விடைக்கு ஏற்ப அளவுகளைத் திருத்திப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் பல இடங்களில் உண்டென்பதை ஆசிரியர்கள் அறிவர். முன்னாண்டு மாணவரின் பதிவேடு இவ்வாண்டு மாணவருக்குக் கைமாறுவதும் புதிதன்று. விடை சரியாக இருந்தால் முழு மதிப்பெண். விடை விலகினால் குறைந்த மதிப்பெண் என்னும் முறையே இதற்கு வித்து.

மூன்று மணிநேரத்தில் பல மாணவர்கள் ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்ளும்போது வேறென்ன செய்ய இயலும் என்று ஆசிரியர்கள் கேட்பர். அவ்வினாவில் நியாயம் உண்டு. ஆயினும் பருவத்திற்குப் பத்துச் செய்முறைகளைப் பொய்யாக முடிப்பதினும் ஐந்தினை மெய்யாக முடிப்பது மேல் என்பது நம் உறுதியான கருத்து. கிடைத்த விடைக்கு ஐந்து மதிப்பெண் எனின், அவ்விடை எவ்வளவு விலகக்கூடும், ஏன் விலகியது என்று மாணவன் எழுதும் விளக்கத்திற்கும் ஐந்து மதிப்பெண் தரலாம். நூலிலிருந்து விலகிய விடையை அஞ்சாமல் எழுதும் மாணவனைப் பாராட்டும் ஆய்வகமே ஆய்வகம் என்னும் பெயருக்கு உரியது.

இதனால் பயன் என்ன, விண்ணலையின் சாய்வை அறிந்து வயிறு நிறையுமா என்று கேட்கும் பெரியோரும் உளர். அவர்கட்கும் விடை உண்டு. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கட்டப்பட்டுவரும் எஸ்கேஏ என்னும் மாபெரும் தொலைநோக்கியில் பங்கேற்க, 2024 ஜனவரியில் நம் ஒன்றிய அரசு 1,250 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. விண்வெளியின் காந்தப்புலங்களைத் தளவிளைவால் அறிவது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. அப்பணிக்கு வேண்டியோர் எங்கிருந்தோ வரப்போவதில்லை. இத்தகைய கல்லூரிகளிலிருந்தும் வரலாம். அதுவன்றி, மருந்தின் அளவைச் சோதிப்பவனும், குடிநீரின் தூய்மையைச் சான்றளிப்பவனும், நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்பவனும் நாளை நம் மாணவனே. தன் கருவியின் குறையை முதலில் கழிக்கக் கற்றவனிடம் ஊரார் தம் உயிரையும் பொருளையும் நம்பி ஒப்படைக்கலாம்.

ஆகவே சில வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். இயற்பியல் துறையும் தமிழ்த்துறையும் கூடி ஆண்டுதோறும் ஒரு சிறு கலைச்சொல் தொகுதியை விளக்கங்களுடன் வெளியிடலாம். சொல் பிறந்த வரலாற்றையும் அதில் சேர்க்கலாம். இறுதியாண்டு மாணவரை உதகைத் தொலைநோக்கிக்கு அழைத்துச் செல்லலாம். ஒரே திசையில் அமைந்த அந்த வாங்கிகளைக் கண்டபின் தளவிளைவைப் பற்றிய பாடம் மறக்காது. கல்லூரிக்குக் கட்டடமும் வாயிலும் வழங்கிவரும் நல்லுள்ளம் படைத்த பெரியோர், ஆய்வகத்திற்கு ஓரிரு அளவுக்கருவிகளையும் வழங்க முன்வரலாம். கட்டடம் பெயர் சொல்லும். கருவி மாணவனை உருவாக்கும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று சொல்லி அமைவோம். பிறர் கருத்தை மதிப்பிடுமுன் நம் பார்வையின் சாய்வு எவ்வளவு என்று அறிந்து கழித்துவிடுதல் வேண்டும். ஒரே கோணத்தில் நின்று நோக்கி முடிவுரைத்தல் கூடாது. ஒன்றுமில்லாத இடத்தில் ஏதோ இருப்பதாகக் கணக்கே காட்டும்போதும், இல்லை என்று சொல்லும் துணிவு வேண்டும். இவற்றை நீதி நூல்கள் வழியாகவும் கற்கலாம். ஆய்வகத்தில் தூய நீர் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழாய் வழியாகவும் கற்கலாம். அடுத்த முறை அக்குழாயைக் கையில் எடுக்கும்போது, முதல் அளவை உள்ளபடியே எழுதுங்கள்.